வீட்டுச் சேமிப்பகத்தின் தானியங்கிப் பராமரிப்பு: சத்தமில்லாமல் நின்றுபோகும் வேலைகள் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

'நாஸ்' என்று பலரும் சொல்லும், வீட்டிலுள்ளவர்களின் கோப்புகளையெல்லாம் வலைவழியே ஒரே இடத்தில் சேமிக்கும் வன்தட்டுப் பெட்டியான வீட்டு வலைச் சேமிப்பகத்தை அமைத்துக்கொள்வது எப்படி என்று தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எப்படிப்பட்ட பெட்டியை வாங்குவது, எத்தனை வன்தட்டுகள் போடுவது, ரவுட்டரோடு எப்படி இணைப்பது என்பவற்றையெல்லாம் தெளிவாக விளக்கிய அக்கட்டுரை, பராமரிப்பு வேலைகளைத் தானியங்கியாக அமைத்துவிட்டால் பிறகு அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்ற பொருள்பட ஒரே வரியில் முடிந்துவிட்டது. அந்த ஒரு வரியை விரித்துச் சொல்ல வேண்டியது அவசியம் என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உறவினர்கள், நண்பர்கள் சிலருடைய சேமிப்பகங்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. பெட்டி வந்த புதிதில் இருக்கும் அக்கறை எவ்வளவு விரைவில் குறைகிறது என்பதும், அமைத்த அன்று ஒழுங்காக ஓடிய வேலைகள் பின்னாளில் யாருக்கும் தெரியாமல் எப்படி நின்றுபோகின்றன என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். அலுவலகச் சேவையகத்துக்கு நிர்வாகி என்று ஒருவர் இருப்பார். வீட்டுச் சேமிப்பகத்துக்கு அப்படி யாரும் கிடையாது. ஆகவே தானியங்கிப் பராமரிப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அது இல்லாமல் குடும்பத்தின் படங்களையும் ஆவணங்களையும் ஒரே பெட்டியில் கொண்டுபோய் வைப்பது ஆபத்து என்றே சொல்வேன். ஆனால் அந்தத் தானியக்கம், ஒரு வேலை நடக்காமல் போனால் அதை உரியவருக்குத் தெரிவிக்கும்படி அமைய வேண்டும். தெரிவிக்காத தானியக்கம், தானியக்கமே இல்லாத நிலையைவிட மோசமானது. கையால் பிரதி எடுக்கிறவருக்குக் கடைசியாக எப்போது எடுத்தோம் என்ற நினைவாவது இருக்கும். எல்லாம் தானாக நடக்கிறது என்று நம்புகிறவருக்கு அதுவும் இருக்காது.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கியாக வேண்டும். இரண்டு தட்டுகளைப் போட்டு 'ரெய்டு' அமைத்துவிட்டால் தரவு பத்திரமாகிவிடும் என்ற தொனி கட்டுரையில் இருந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையால் பெயர்பெற்ற இந்த முறை, ஒரு தட்டு கெட்டுப்போனாலும் சேமிப்பகம் தொடர்ந்து இயங்க வழிசெய்கிறது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் அது அதே நொடியில் இரண்டு தட்டுகளிலிருந்தும் அழிகிறது. தீநிரல் பூட்டிய கோப்பு இரண்டிலும் பூட்டியபடியே கிடக்கும். தீயோ திருட்டோ பெட்டியை முழுதாகவே கொண்டுபோய்விடும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒரு பிரதி வேறிடத்தில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரவச் செய்த 3-2-1 வாய்பாடுதான் இன்றும் சரியான வழி. நான் தானியங்கிப் பராமரிப்பு என்று சொல்வது இந்த மூன்று பிரதிகளையும் சேர்த்துக் கவனிப்பதைத்தான். வரவேற்பறையில் இருக்கும் பெட்டியை மட்டும் கவனிப்பதை அல்ல.

தட்டுகளின் நிலையைக் கண்காணிப்பது எல்லோரும் முதலில் அமைக்கும் வேலை. ஒவ்வொரு வன்தட்டும் தன்னைப் பற்றி 'ஸ்மார்ட்' என்ற குறிப்பேட்டை வைத்திருக்கிறது. அதைப் படித்து எச்சரிக்கை அனுப்பும் பின்னணி நிரலும் லினக்ஸ் அடிப்படையிலான சேமிப்பகங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. குறிப்பேட்டில் பல எண்கள் இருந்தாலும் வீட்டில் இருப்பவர் பார்க்க வேண்டியவை சில மட்டுமே. 5-ஆம் எண் கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளையும், 197 படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பகுதிகளையும், 198 திருத்த முடியாதவை என்று தீர்மானமான பகுதிகளையும் காட்டுகின்றன. 199 ஏறினால் பெரும்பாலும் கோளாறு தட்டில் இல்லை, கேபிளில் இருக்கிறது. தட்டை மாற்றச் செலவழிக்கும் முன் கேபிளை மாற்றிப் பார்ப்பது நல்லது. கூகுள் நிறுவனத்தின் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மேற்பரப்பைப் படிக்கும்போது முதல் பிழையைக் காட்டிய தட்டு, பிழை காட்டாத தட்டைவிட அடுத்த 60 நாட்களுக்குள் கெட்டுப்போகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே ஆய்வில் கெட்டுப்போன தட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை, அதாவது 56 விழுக்காடு, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே கெட்டுப்போயின. எச்சரிக்கை வந்தால் அன்றே செயல்பட வேண்டும் என்பதும், வரவில்லை என்பதால் நிம்மதியாக இருந்துவிட முடியாது என்பதும் இந்த ஆய்விலிருந்தே கிடைக்கும் பாடங்கள்.

தட்டு நலமாக இருந்தும் அதில் உள்ள தரவு சிதைந்திருக்கலாம். பல ஆண்டுகளாக யாரும் திறக்காத ஒரு படக் கோப்பில் ஓரிடத்தில் பிட்டுகள் மாறிப்போனால், அதைத் திறக்கும் நாள்வரை யாருக்கும் தெரியாது. அதற்குள் அந்தச் சிதைந்த கோப்பே காப்புப் பிரதிகளுக்கும் போயிருக்கும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கி 2005-இல் மூலநிரலோடு வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமையும், 2009-இல் லினக்ஸ் கருநிரலில் சேர்ந்த பி.டி.ஆர்.எஃப்.எஸ். முறைமையும், ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகையைத் தனியே எழுதிவைக்கின்றன. 'ஸ்க்ரப்' என்னும் முழுச் சோதனை, எழுதிய அனைத்தையும் ஒருமுறை படித்து அந்தத் தொகையோடு ஒப்பிட்டு, ஒரு பிரதி சிதைந்திருந்தால் நல்ல பிரதியைக் கொண்டு திருத்துகிறது. லினக்ஸின் பழைய மென்பொருள் ரெய்டிலும் இதுபோன்ற சோதனை உண்டு என்றாலும், அங்கே சரிபார்ப்புத் தொகை இல்லாததால் இரண்டு தட்டுகளும் வேறுபட்டால் எது சரி என்று சொல்ல அதற்கு வழியில்லை. புதிதாக அமைக்கிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே முன் சொன்ன இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

டெபியன் லினக்ஸில் மென்பொருள் ரெய்டுச் சோதனை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையும், இசட்.எஃப்.எஸ். சோதனை இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையும் தாமாகவே தொடங்கும்படி தொகுப்பிலேயே வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல பழக்கம் தெரிகிறது: கனமான வேலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது. தட்டின் நீண்ட சுயசோதனை, ஸ்க்ரப், இரவுக் காப்புப் பிரதி மூன்றையும் ஒரே ஞாயிறு அதிகாலையில் வைத்துவிட்டுப் பெட்டி மெதுவாக இருக்கிறதே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், மின்சாரத்தை மிச்சப்படுத்த இரவில் பெட்டியை அணைத்துவிடும் வீடுகளில் வருவது. லினக்ஸில் வேலைகளை நேரம் குறித்து ஓட்டும் பழைய 'கிரான்' அட்டவணையில் குறித்த நேரத்தில் பெட்டி அணைந்திருந்தால் அந்த வேலை அப்படியே விட்டுப்போகும். எந்தப் பிழையும் பதிவாகாது. தவறிய வேலையை அடுத்த முறை பெட்டி இயங்கத் தொடங்கியதும் செய்துமுடிக்கும் வசதி அதற்குப் பின்வந்த 'சிஸ்டம்டி' நேரங்காட்டிகளில் இருக்கிறது. ஆனால் அதை நாமே தெரிவுசெய்து இயக்கினால்தான் இயங்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கண்காணிப்பு நிரல் பிழையைக் கண்டுபிடித்தால் மின்னஞ்சல் அனுப்பும் என்று எல்லா வழிகாட்டிகளிலும் எழுதியிருக்கும். அந்த மின்னஞ்சல் வந்து சேருமா என்பதை யாரும் சோதிப்பதில்லை. அஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிய அன்றோ, அஞ்சல் சேவை இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிய அன்றோ, பெட்டி அனுப்பும் மடல்களைப் பெறுமிடம் குப்பை அஞ்சல் என்று ஒதுக்கத் தொடங்கிய அன்றோ, எச்சரிக்கைகள் நின்றுவிடுகின்றன. இதெல்லாம் வீட்டுக்காரர்களின் கவனக்குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்கள் தங்கள் மூலநிரலைச் சேமித்துவைக்கும் கிட்லேப் சேவையில் முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகள் தவறுதலாக அழிக்கப்பட்டன. காப்புப் பிரதியைத் தேடிச் சென்றபோது, நாள்தோறும் எடுத்திருக்க வேண்டிய பிரதிகள் இருந்திருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பிரதி எடுக்கும் கருவியும் தரவுத்தளமும் வேறு வேறு பதிப்புகளாக இருந்ததால் அந்த வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களோ, அனுப்புநரை உறுதிசெய்யும் கையொப்பம் இல்லாததால் பெறுமிடத்தில் நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பொறியாளர் வேறு ஒரு வேலைக்காகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் (அந்தக் கணத்துத் தரவின் நிலையைப் பிடித்துவைக்கும் பதிவு) அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்ததை ஒளிக்காமல் அவர்களே பொதுவெளியில் எழுதிவைத்ததால் நமக்கு இது தெரிகிறது. முழுநேரப் பொறியாளர்கள் உள்ள இடத்திலேயே இப்படி நடக்குமென்றால், வீட்டுப் பெட்டியில் நடக்காது என்று எப்படி நம்புவது?

இதற்குத் தீர்வு, பிழை நேர்ந்தால் சொல் என்று பெட்டியிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, வேலை முடிந்தால் சொல் என்று கேட்பதுதான். சாமத்துக்கு ஒருமுறை குரல் கொடுத்துப் போகும் காவலாளியின் குரல் ஒரு சாமத்தில் கேட்காவிட்டால் ஊர் விழித்துக்கொள்ளும். அதே ஏற்பாட்டை இங்கும் செய்யலாம். காப்புப் பிரதி எடுக்கும் நிரலின் கடைசி வரியில், வேலை பிழையின்றி முடிந்தால் மட்டும் வெளியே உள்ள ஒரு கண்காணிப்புச் சேவைக்கு ஒரு சிறு சமிக்ஞை போகும்படி எழுத வேண்டும். குறித்த காலத்துக்குள் சமிக்ஞை வராவிட்டால் அந்தச் சேவை நம் கைபேசிக்குத் தகவல் அனுப்பும். பெட்டி செத்துப்போனாலும், இணையம் அறுந்தாலும், கடவுச்சொல் மாறினாலும், அட்டவணையே அழிந்துபோனாலும் விளைவு ஒன்றுதான்: சமிக்ஞை வராது, நமக்குத் தெரிந்துவிடும். கண்காணிக்கும் அந்தச் சேவை நிச்சயமாகச் சேமிப்பகப் பெட்டிக்குள்ளேயே ஓடக் கூடாது. அது பெட்டியோடு சேர்ந்தே விழும் என்பது தெரிந்தும், வசதி கருதி அங்கேயே வைத்துவிடுகிறவர்கள் பலர்.

அதனோடு வாரம் ஒருமுறை ஒரு சுருக்கமான அறிக்கையும் வர வேண்டும். பத்து வரிக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். தட்டுகளில் இடம் எவ்வளவு மீதம், கடைசி ஸ்க்ரப் எந்தத் தேதியில் முடிந்தது, எத்தனை பிழை திருத்தியது, கடைசி வெளிப் பிரதி எப்போது எடுக்கப்பட்டது, அதில் எத்தனை கோப்புகள் புதியவை என்பவை போதும். இதில் கடைசி எண்ணை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வழக்கமாக வாரத்துக்குச் சில நூறு புதிய கோப்புகள் வரும் வீட்டில் ஒரு வாரம் அந்த எண் பூஜ்யம் என்று வந்தால், பிரதி எடுக்கும் வேலை 'வெற்றி' என்று முடிந்திருந்தாலும் அது வெறுமையைப் பிரதி எடுத்திருக்கிறது என்று பொருள். மாறாக, ஒரே இரவில் பல்லாயிரம் கோப்புகள் மாறியதாக வந்தால், யாரோ படங்களை ஒழுங்குபடுத்தினார்களா, அல்லது தீநிரல் உள்ளே நுழைந்துவிட்டதா என்று உடனே பார்க்க வேண்டும்.

வெறுமையைப் பிரதி எடுப்பது என்றால் என்ன என்பதைச் சற்று அருகிலிருந்து காட்டுகிறேன், ஏனென்றால் வீட்டுச் சேமிப்பகங்களில் நான் கண்ட தானியக்க அமைப்புகளில் பெரும்பாலானவற்றில் இந்த ஓட்டை இருக்கிறது. ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கராஸ் இருவரும் 1996-இல் வெளியிட்ட 'ஆர்சிங்க்' இன்றும் அருமையான கருவி. மாறியதை மட்டும் அனுப்பி இரண்டு கோப்புறைகளை ஒன்றுபோல ஆக்கிவிடும். மூலத்தில் இல்லாததை மறுபுறத்திலும் அழித்துவிடு என்று ஒரு தெரிவை அதற்குக் கொடுக்கலாம். இடம் வீணாகக் கூடாது என்று எல்லோரும் அதைக் கொடுத்துவைக்கிறார்கள். ஒரு நாள் பெட்டி மறுபடி இயங்கும்போது மூலத் தட்டு ஏதோ காரணத்தால் இணைக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். தட்டு இணைய வேண்டிய கோப்புறை அங்கேயே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இரவு இரண்டு மணிக்கு வேலை தொடங்குகிறது. மூலம் காலியாக இருப்பதை அந்தக் கருவி பார்க்கிறது. சொன்னபடி காப்புப் பிரதியையும் காலியாக்குகிறது. பிழை எதுவும் இல்லாததால் வெற்றி என்று பதிவு செய்கிறது. கருவியின் மேல் குற்றமில்லை, அது சொன்னதைச் செய்தது. இதே சிக்கல் மறுபக்கத்திலும் வரும்: பிரதி போய்ச் சேர வேண்டிய வெளித்தட்டு இணையாவிட்டால், பிரதி முழுவதும் இயங்குதளம் இருக்கும் சிறிய தட்டில் போய்க் குவிந்து, அது நிரம்பிப் பெட்டியே நின்றுபோகும்.

தடுக்கும் வழி எளிது. மூலத் தட்டு, பிரதித் தட்டு இரண்டிலும் ஓர் அடையாளக் கோப்பை வைத்து, இரண்டும் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே வேலை தொடங்கும்படி நிரலின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். ஒரே தடவையில் இத்தனை கோப்புகளுக்கு மேல் அழிக்காதே என்று வரம்பு விதிக்கும் தெரிவும் அதே கருவியில் இருக்கிறது. இன்னும் நல்லது, வெறும் பிரதிபலிப்போடு நில்லாமல், 'ரெஸ்டிக்', 'போர்க்' போன்று ஒவ்வொரு நாளின் நிலையையும் தனித்தனியே காத்துவைக்கும் கருவிகளுக்கு மாறிவிடுவது. அவற்றில் இன்றைய பிரதி வெறுமையாக இருந்தாலும் நேற்றைய பிரதி அப்படியே இருக்கும்.

ஸ்னாப்ஷாட்டுகளைப் பொறுத்தவரை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கு ஒன்றாக ஒரு நாளுக்கும், நாளுக்கு ஒன்றாக முப்பது நாளுக்கும், மாதத்துக்கு ஒன்றாக ஓராண்டுக்கும் வைத்துக்கொண்டால் மொத்தம் 66 நிலைகள்தான். மாறிய தரவு மட்டுமே இடம் பிடிக்கும் என்பதால் இது சாதாரண வீட்டுப் பயன்பாட்டைத் தாங்கும். பழையவற்றைக் கழிக்கும் வேலையையும் கூடவே அமைக்காவிட்டால், கோப்புகளை அழித்தும் இடம் கிடைக்கவில்லையே என்று ஒரு நாள் திகைக்க வேண்டியிருக்கும்.

எதையெல்லாம் தானியங்கியாக்கக் கூடாது என்பதும் இதே அளவுக்கு முக்கியம். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே நிறுவப்படலாம், நிறுவப்படவும் வேண்டும். ஆனால் இயங்குதளத்தின் பெரும் பதிப்பு மாற்றத்தைப் பெட்டி தானே செய்துகொள்ள விடக் கூடாது. செயலிகளைத் தனித்தனிப் பொதிகளாக ஓட்டும் 'டாக்கர்' கொள்கலன்களில் எப்போதும் புத்தம்புதிய பதிப்பை இழுத்துக்கொள் என்று விட்டுவிடுகிறவர்கள், போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் பெரும் பதிப்பு ஒன்று மாறும் நாளில் மாட்டிக்கொள்கிறார்கள்: புதிய பதிப்பு பழைய பதிப்பின் தரவுக் கோப்புறையை நேரடியாகத் திறக்காது, அதை நம்பியிருந்த படத் தொகுப்புச் செயலி காலையில் எழுந்து பார்த்தால் வேலை செய்யாது. எந்தப் பதிப்பு என்பதை எண்ணோடு குறித்துவிட்டு, புதியது வந்திருக்கிறது என்ற தகவலை மட்டும் தானியங்கியாகப் பெற்றுக்கொள்வது நல்லது. இசட்.எஃப்.எஸ். சேமிப்புத் தொகுப்பின் வசதிகளை மேம்படுத்தும் கட்டளையும் திரும்பி வர முடியாத பாதை. அதை மனிதர் ஒருவர் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். கெட்ட தட்டைக் கழற்றுவதும் அப்படியே. எந்தத் தட்டு கெட்டது என்று வரிசை எண்ணைப் பார்த்து உறுதிசெய்யாமல் நல்ல தட்டை உருவிவிடுவது, ஒற்றைத் தட்டின் பழுதை முழு இழப்பாக ஆக்கிவிடும். பெட்டியை அமைக்கும் நாளிலேயே ஒவ்வொரு தட்டின் வரிசை எண்ணையும் அதன் தாங்கியின் முகப்பில் ஒட்டிவைத்தால் அந்தப் பதற்றமான நேரத்தில் அது பெரிதும் உதவும்.

வெளி ஆபத்து பற்றியும் கட்டுரை தொடவில்லை. வீட்டுப் பெட்டியை யார் குறிவைக்கப் போகிறார்கள் என்ற எண்ணத்துக்கு 2021, 2022 ஆண்டுகளின் நிகழ்வுகள் பதில் சொல்லிவிட்டன. 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற பணயத் தீநிரல் கியூநாப் நிறுவனத்தின் சேமிப்பகங்களுக்குள் புகுந்து, கோப்புகளைக் கடவுச்சொல்லிட்ட சுருக்கக் கோப்புகளாக மாற்றிப் பணம் கேட்டது. 2022 ஜனவரியில் அதே வகைப் பெட்டிகளை டெட்போல்ட் என்ற இன்னொரு பணயத் தீநிரல் தாக்கியது. இவ்விரண்டுக்கும் நடுவே, 2021 ஜூனில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் பலவற்றில் இருந்த தரவு தொலைவிலிருந்தே துடைத்தெறியப்பட்டது. அவற்றுக்கான மென்பொருள் புதுப்பிப்பு 2015-லேயே நின்றுபோயிருந்தது. மூன்று நிகழ்வுகளிலும் சிக்கியவை இணையத்திலிருந்து நேரடியாக எட்டக்கூடிய நிலையில் இருந்த பெட்டிகள். ஆகவே ரவுட்டரில் தானே வாசலைத் திறந்துவிடும் 'யு.பி.என்.பி.' வசதியை அணைத்துவிட்டு, வெளியிலிருந்து வர வேண்டுமானால் 'வயர்கார்டு' போன்ற தனிப்பாதை வழியாக மட்டுமே வர வேண்டும்.

தானியக்கத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. காப்புப் பிரதியை அனுப்பும் பெட்டியிடமே, அந்தப் பிரதியை அழிக்கும் அதிகாரமும் இருந்தால், பெட்டிக்குள் நுழைந்தவருக்கு இரண்டும் கிடைத்துவிடும். பிரதி இருக்கும் இடமே வந்து தரவை எடுத்துக்கொள்ளும்படி அமைப்பதும், அனுப்பும் கணக்குக்குச் சேர்க்க மட்டும் உரிமை தந்து அழிக்கும் உரிமையைத் தராமல் இருப்பதும் இதற்கான வழிகள். எந்நேரமும் செருகப்பட்டிருக்காத ஒரு வெளித்தட்டும் இருக்கட்டும். அதைக் கையால் செருகித்தான் ஆக வேண்டும் என்பது குறைபோலத் தோன்றினாலும், அது ஒருவகையில் அதன் காவல்.

மின்வெட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். யு.பி.எஸ். வாங்கி வைப்பதோடு வேலை முடியவில்லை, அதன் யு.எஸ்.பி. கேபிளைப் பெட்டியோடு இணைத்து, மின்கலம் தீரும் முன் பெட்டி தன்னை ஒழுங்காக அணைத்துக்கொள்ளும்படி அமைக்க வேண்டும். 'நட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் திறமூலக் கருவி இதைச் செய்யும். அமைத்த பிறகு ஒருமுறை சுவரில் இருக்கும் செருகியைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். அது நடக்கிறதா என்று அறிய வேறு வழியில்லை.

இத்தனை அமைப்புகளும் எங்கே எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன என்பது அடுத்த கேள்வி. பெட்டியின் இணையப் பக்கத்தில் சுட்டியால் அழுத்தி அழுத்தி அமைத்தவை, அந்தப் பெட்டியோடு போய்விடும். ஆன்சிபிள் போன்ற கருவியில் எல்லாவற்றையும் உரைக்கோப்புகளாக எழுதிவைத்தால், எத்தனை முறை ஓட்டினாலும் அதே நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தும். புதிய பெட்டிக்கும் அதுவே போதும். அவ்வளவு தூரம் போக விரும்பாதவர்கள், பெட்டி தரும் அமைப்புக் கோப்பை மாதம் ஒருமுறை வேறொரு கணினிக்கு ஏற்றுமதி செய்யும்படியாவது பார்த்துக்கொள்ளலாம். ஓரளவு நிரல் தெரிந்தவர்களுக்கு முதல் வழியையே பரிந்துரைப்பேன். எதை எப்போது ஏன் மாற்றினோம் என்ற வரலாறும் சேர்ந்து கிடைக்கும்.

கடைசியாக, மீட்டெடுப்பு. பிரதி எடுப்பதைத் தானியங்கியாக்கிய எவரும் மீட்டெடுப்பதைத் தானியங்கியாகச் சோதிக்கலாம், ஆனால் செய்கிறவர்கள் மிகக் குறைவு. மாதம் ஒருமுறை பிரதியிலிருந்து குலுக்கல் முறையில் சில கோப்புகளை ஒரு தற்காலிகக் கோப்புறைக்கு மீட்டு, மூலத்தோடு ஒப்பிட்டு, பொருந்தினால் மட்டும் சமிக்ஞை அனுப்பும் ஒரு நிரலைச் சில வரிகளில் எழுதிவிடலாம். முன் சொன்ன ரெஸ்டிக் கருவியில், சேமித்த தரவின் ஒரு பகுதியை மட்டும் ஒவ்வொரு முறையும் முழுமையாகப் படித்துச் சரிபார்க்கும் தெரிவு இருக்கிறது. பங்கு பங்காகப் பிரித்துக்கொடுத்தால் ஓராண்டுக்குள் முழுத் தரவும் சோதனைக்கு உட்பட்டுவிடும். இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது, சேமிப்பகத்தையே தொடாமல், வேறொரு கணினியில் உட்கார்ந்து வெளிப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழுக் கோப்புறையை மீட்டுப் பார்க்க வேண்டும். அப்போதுதான், பிரதியைப் பிறர் படிக்க முடியாமல் பூட்டும் மறையாக்கத்தின் திறவுச்சொல் சேமிப்பகத்துக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது என்பது போன்ற உண்மைகள் வெளிப்படும். அந்தத் திறவுச்சொல் போனால் ரெஸ்டிக், போர்க் இரண்டிலும் தரவைத் திறக்க வேறு வழியே இல்லை. யாரிடம் முறையிட்டும் பயனில்லை.

எனவே அந்தத் திறவுச்சொல்லும், வெளிப் பிரதி எங்கே இருக்கிறது என்பதும், மீட்பதற்கான கட்டளை வரிகளும் ஒரே தாளில் அச்சிடப்பட்டு, வீட்டில் குறைந்தது இன்னொருவருக்கு இருப்பிடம் தெரியும்படி ஆவணங்களோடு வைக்கப்பட வேண்டும். அமைத்தவர் நோயுற்றாலோ இல்லாமல் போனாலோ, குடும்பத்தார் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு படங்களை எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். அந்த ஒருவரை அருகில் உட்காரவைத்து, ஆண்டுச் சோதனையை அவர் கையாலேயே செய்யவிடுவது என் வழக்கம். தாளில் விடுபட்ட படிகள் அப்போதே தெரிந்துவிடுகின்றன.

தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் இந்தத் தொடரின் அடுத்த பகுதி வெளிவருமானால், எதை வாங்குவது என்பதற்கு மேலும் இடம் ஒதுக்காமல், காப்புப் பிரதியிலிருந்து ஒரு கோப்பை மீட்டெடுக்கும் முறையைப் படிப்படியாகப் படங்களோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எச்சரிக்கை மின்னஞ்சல் வந்து சேர்கிறதா என்று சோதிக்கும் முறைக்கும் அதில் ஒரு பத்தி இருந்தால், ஏற்கெனவே பெட்டி வாங்கிவிட்ட வாசகர்கள் அன்றைக்கே அதைச் செய்து பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்